மூன்று பங்கு எலி மருந்து

எலி மருந்து வாங்கி வந்த அன்று, அதை மூன்றாகப் பிரிப்பதற்குள் உமையாள் பெரியாத்தாவுக்கும் நீலாயதாட்சி சின்னாத்தாவுக்கும் சண்டை வந்துவிட்டது. தன் பங்கு குறைந்துபோனது என்றார் பெரியாத்தா. விஷத்தில் கூடக் குறைய என்ன இருக்கிறது என்று கேட்டாள் சின்னாத்தா. கடைசியில் என் ஆத்தா தன் பங்கிலிருந்து ஒரு சிட்டிகையை எடுத்துப் பெரியாத்தாவின் காகிதத்தில் போட்டதும்தான் முற்றத்தைச் சுற்றிய வளவு அமைதியானது.

எங்கள் கண்டனூர் வீட்டில் எதையும் மூன்றாகப் பிரித்துத்தான் பழக்கம். தாத்தாவான ஐயா காலமானதும் மூன்று மகன்களுக்கும் வீடு பாகமாயிற்று. வளவைச் சுற்றியுள்ள அறைகளும் பின்கட்டில் உள்ள அடுப்படிகளும் ஆளுக்குச் சமம். கூரை ஒன்று, அடுப்பு மூன்று. மூத்த மகன் பெரியப்பச்சியும் பெரியாத்தாவும் ஒரு அடுப்பு. என் அப்பச்சி, அதாவது அப்பா, விஜயவாடாவில் கடையில் இருந்ததால் ஆத்தாவும் நானும் நடு அடுப்பு. சித்தப்பா மதராஸில், சின்னாத்தா இங்கே. அது மூன்றாவது அடுப்பு. கோவிலிலிருந்து ஒரு தேங்காய் மூடி வந்தாலும் மூன்றாக உடைய வேண்டும். வளவுக் கூரையில் ஓடு சரிந்தால் மூன்று பேரும் சேர்ந்துதான் மாற்ற வேண்டும் என்பதால் அது சரிந்தபடியே கிடக்கும்.

பாகப் பத்திரத்தில் எழுதாமல் விட்டது எலிகளை மட்டும்தான். பத்திரம் எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை. எலிகளுக்கும் பத்திரம் தெரியாது. பெரியாத்தாவின் நெல்லைத் தின்று, எங்கள் பட்டுச் சேலையைக் கடித்து, சின்னாத்தாவின் அறையில் குட்டி போட்டன. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் எலி அடுத்த பங்கிலிருந்துதான் வந்தது.

"இங்குட்டு எலியெல்லாம் அடக்கமா இருக்கும். இது அங்குட்டு வளர்ந்த எலி" என்பார் பெரியாத்தா.

ஆத்தா ஒரு மரப் பொறி வாங்கி வைத்தாள். தேங்காய்ச் சில்லுக்கு ஆசைப்பட்டுக் கொழுத்த எலி ஒன்று மாட்டியது. கொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கார் ஓட்டும் கருத்தையாவிடம் கொடுத்து வெளியே விட்டுவரச் சொன்னாள். அவர் அதிகம் நடக்க விரும்பாதவர். சின்னாத்தாவின் கொல்லைக் கதவோரம் திறந்துவிட்டு, பொறியை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தார். அதைச் சின்னாத்தா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, மூத்த ஓரகத்தியான என் ஆத்தாவிடம் நேராக வந்தாள்.

"ஆச்சி, ஒங்க எலிய இங்குட்டு ஏன் அனுப்புறீக? எனக்கு இருக்கிறது போதாதா?"

பூனை வளர்க்கலாம் என்று யாரோ சொன்னதற்குப் பெரியாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. பெரியப்பச்சி கூட்டத்தில் பேசப் புறப்படும்போது பூனை குறுக்கே போய்விட்டால் என்னாவது என்றார்.

பெரியப்பச்சியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவருக்குச் சக்கரை வியாதி. காரைக்குடி டாக்டர் இனிப்பைத் தொடக்கூடாது என்று சொன்ன நாளிலிருந்து, அவர் அதை வியாதியாக வைத்துக்கொள்ளவில்லை. விரதமாக மாற்றிக்கொண்டார். சீனி போடாத காப்பியை வளவின் நடுவில் உட்கார்ந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி, ஒவ்வொரு மடக்காகக் குடிப்பார். கோவிலூர்ப் பக்கமோ நாட்டரசன்கோட்டைப் பக்கமோ எங்கே ஆன்மிகக் கூட்டம் நடந்தாலும், புலனடக்கத்தைப் பற்றிப் பேச அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாக்கு என்பது ஒரு சின்னச் சதைத்துண்டு, அதற்கு மனிதன் அடிமையாவதா என்று அவர் கேட்டால், முன்வரிசையில் இருப்பவர்கள் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிடுவார்களாம். பெரியாத்தா இதையெல்லாம் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவார். "இப்பேர்ப்பட்டவுகளுக்கு வாக்கப்பட நான் என்ன தவம் செஞ்சேனோ" என்பார்.

பெரியாத்தா மாவுருண்டை பிடித்து ஒரு பழைய பினாங்கு பிஸ்கட் டின்னில் அடுக்கி உள்ளறையில் வைப்பார். சீனி ரேஷனில் வந்த காலம் அது. அறுபத்தேழு என்று நினைக்கிறேன். ஒவ்வொரு உருண்டையும் நகை மாதிரி. அந்த உருண்டைகள் குறைந்துகொண்டே வந்தன.

"எலி" என்றார் பெரியாத்தா.

"மூடி இறுக்கமா இருக்கே ஆச்சி. எலி எப்படித் திறக்கும்?" என்று கேட்டாள் சின்னாத்தா.

"திறக்குது. தின்னுட்டு மூடியும் வச்சிருது. இங்குட்டு எலிக்குச் சாமர்த்தியம் சாஸ்தி."

சொல்லிவிட்டு என் ஆத்தாவைப் பார்த்தார். பிறகு சின்னாத்தாவைப் பார்த்தார். கடைசியில் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் எலி இல்லை.

எலி யார் என்று எனக்குத் தெரியும். பெரியவளானதும் என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குள்ளேயே இருப்பவளுக்கு எல்லாம் கண்ணில் படும். மத்தியானம் எல்லோரும் தலைசாய்த்த பிறகு பெரியப்பச்சி எழுந்து உள்ளறைக்குப் போவார். டின் மூடி 'டப்' என்று திறக்கும். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. மூடி திரும்ப அழுந்தும். துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மறுபடி படுத்து, ஒரு ஏப்பம் விடுவார். நான் வடகத்துக்குக் காக்காய் ஓட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் இருப்பேன். என்னை அவர் பார்த்ததில்லை. என்னை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் சின்னாத்தா காரைக்குடிக்குப் போனபோது எலி மருந்து வாங்கி வந்தாள். சாம்பல் நிறப் பொடி. பூண்டு வாடை. பொட்டலத்தின் மேல் மண்டையோட்டுப் படம். எலிக்குப் பிடித்த தீனியில் கலந்து வைக்க வேண்டும், கையால் தொடக்கூடாது, பிள்ளைகள் கைக்கும் ஆடுமாடு வாய்க்கும் எட்டக்கூடாது, செத்த எலியைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னாராம். சின்னாத்தா அதை எல்லோருக்கும் ஒப்பித்தாள். மூன்று பேரும் தலையாட்டினார்கள். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, முதலில் சொன்னேனே, அந்தச் சண்டை போட்டார்கள். கடைக்காரர் சொன்னதில் ஒன்றுகூட எந்தப் பங்கிலும் போய்ச் சேரவில்லை.

ஆத்தா தேங்காய்த் துருவலில் கலந்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். சின்னாத்தா கருவாட்டில் தடவி மச்சில் போட்டாள். இரண்டாம் நாளே எலிகள் செத்தன. ஆனால் செத்த இடம்தான் தகராறு. பர்மா தேக்கில் போட்ட மேற்கூரைக்குள் போய்ச் செத்தன. நாற்றம் வளவு முழுக்க இறங்கியது. பலகையைக் கழற்றினால் பொதுச் சொத்தைத் தொட்டதாகிவிடும் என்று பெரியப்பச்சி சொல்லிவிட்டார். அதனால் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சாம்பிராணி போட்டோம். முற்றத்தில் விழுந்த இரண்டு எலிகளைக் கருத்தையா குச்சியால் தூக்கிக் கொல்லைச் சுவருக்கு அப்பால் வீசினார். குழியாவது ஒன்றாவது.

சுவருக்கு அப்பால் சகாயம்மாள் வீடு. முட்டையும் மோரும் விற்றுப் பிழைப்பவர். மறுநாள் காலை இரண்டு கைகளிலும் செத்த கோழிகளைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ஆச்சிமாரே! யாரு வச்சீக மருந்து? என் கோழி ரெண்டும் வாயில நுரை தள்ளிக் கெடக்கு!"

"நான் வச்சது தேங்காய்ப்பூவுல. கோழி எங்குட்டு வந்து திங்கப் போகுது?" என்றாள் ஆத்தா.

"நான் மச்சுல வச்சேன்" என்றாள் சின்னாத்தா.

"நான் இன்னும் வைக்கவே இல்லை" என்றார் பெரியாத்தா.

"அப்ப கோழி தானா நாண்டுக்கிட்டு செத்துச்சா? எலிய எறிஞ்சது யாரு? கோழி எலிய கொத்தாதா? நாளைக்கு என் பேரன் கோழியத் தின்னிருந்தா? மாதா புண்ணியம், நான் அடிச்சுக் கொழம்பு வைக்கல. இருக்கிற வீட்டுல மூணு அடுப்பு, மூணு மருந்து, மூணு வாய். பொறுப்பு மட்டும் ஒண்ணுத்துக்கும் இல்ல!"

ஆளுக்கு ஒரு தேங்காய் கொடுத்து அவரை அனுப்பினார்கள். மூன்று தேங்காயை வாங்கிக்கொண்டு, "இதுல மருந்து இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

பெரியாத்தா இன்னும் வைக்கவில்லை என்று சொன்னது பொய்யில்லை. அன்று மத்தியானம்தான் வைத்தார். எங்களுக்குள் பலகாரத் தட்டு போய்வரும். ஒரு அடுப்பில் ஏதாவது செய்தால் மற்ற இரண்டுக்கும் தட்டில் வர வேண்டும். தட்டு வெறுமையாகத் திரும்பக்கூடாது. பெரியாத்தாவின் தட்டில் கொஞ்சம் வெள்ளரிப் பிஞ்சு வைத்து ஆத்தா என்னைக் கொடுத்துவரச் சொன்னாள். எந்த வாசலிலும் கூப்பிடுவதற்கு முன் சற்று நிற்பது என் பழக்கம். குரல் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அப்படி நின்றபோது பார்த்தேன்.

பெரியாத்தா பாசிப்பருப்பு மாவில் நெய் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அந்தச் சாம்பல் பொடி. ஒரு வேப்பங்குச்சியால் கிளறினார். ஏலக்காயைக் கொஞ்சம் தாராளமாகத் தட்டிப் போட்டார். பூண்டு வாடையை மறைக்கத்தான். உருண்டை பிடித்து, டின்னைத் திறந்து, நல்ல உருண்டைகளுக்கு மேல் ஒரு வரிசை அடுக்கி மூடினார். எலி வரும் மூலையில் ஒன்றும் வைக்கவில்லை. டின்னுக்குள்தான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, சாமி படத்தைப் பார்த்துத் தலைக்கு மேல் கைகூப்பினார்.

நான் தட்டோடு அப்படியே திரும்பி ஓடினேன்.

"ஆத்தா, மாவுருண்டை டின்னுல பெரியாத்தா எலி மருந்து வச்சிருக்காக."

"எலிக்குத்தானே."

"டின்னைத் திறக்கிறது எலி இல்ல. பெரியப்பச்சி. தெனமும் திங்கிறாக. நான் பாத்தேன்."

ஆத்தா என் வாயைப் பொத்தினாள். அவள் கையில் வெங்காய வாடை. "யார்கிட்டயாச்சும் சொன்னியா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போவது பெரியப்பச்சி. அப்பச்சியின் கடைக் கணக்குக்கும் அவர்தான் பெரியவர். ஊரே கும்பிடும் மனிதர் டின்னுக்குள் கையை விடுகிறார் என்று நடுப் பங்கு சொன்னால், டின்னை விட்டுவிட்டு நடுப் பங்கைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் அவர் செத்துப்போவார். சாவதை விட மோசமான ஒன்றை ஆத்தா யோசித்துக்கொண்டிருந்தாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

முதலில் பெரியாத்தாவிடம் போனாள்.

"ஆச்சி, மருந்தை டின்னுக்குள்ள வச்சா யாராச்சும் தெரியாம எடுத்துத் தின்னுறப் போறாகளே."

"யாரு திங்கப் போறா? இங்குட்டு இருக்கிறது ரெண்டே பேரு. நான் எடுக்க மாட்டேன். அவுக இனிப்பைக் கண்ணால பாக்க மாட்டாக." பெரியாத்தா வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவினார். "ஒனக்கு எப்படித் தெரியும், நான் டின்னுக்குள்ள வச்சேன்னு? ஒம்மக சொன்னாளாக்கும்? அவ எதுக்கு இங்குட்டு உள்ளறைக்கு வந்தா?"

ஆத்தா திரும்பி வந்தாள்.

இனி பெரியப்பச்சியிடமே சொல்ல வேண்டியதுதான். ஆனால் எங்கள் வீட்டில் தம்பி மனைவி கணவனின் அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கமில்லை. அவசரமானால் தூணைப் பார்த்துப் பேசுவார்கள். அவருக்குக் கேட்கும். அவரும் தூணைப் பார்த்தே பதில் சொல்வார். சாயங்காலம் அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தபோது ஆத்தா முக்காட்டை இழுத்துவிட்டுத் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"வீடு முழுக்க எலி மருந்து வச்சிருக்கு. பெரியவுக பாத்து இருக்கணும்" என்று தூணிடம் சொன்னாள்.

டின் என்றோ மாவுருண்டை என்றோ சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் எடுக்கிறார் என்று இவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அந்த மரியாதைக் குறைவுக்கு ஆத்தா துணியவில்லை.

பெரியப்பச்சி தூணுக்கு ஆசி வழங்குவது போலத் தலையாட்டினார். "சரி, சரி. பாத்து நடக்கிறேன்." அன்று படுக்கப் போகும் வரை தரையைப் பார்த்து, காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார். அது அவருக்கு ஒரு கம்பீரத்தைக்கூடக் கொடுத்தது.

"சொல்லியாச்சு. இனி அவுக பாடு" என்றாள் ஆத்தா. ஆனால் இரவில் அவள் தூங்கவில்லை. விடிந்ததும், "மத்தியானம் நீ உள்ளறைப் பக்கமே இருடி" என்றாள்.

நான் காக்காய்க் கம்போடு இருந்தேன். சாப்பாடு முடிந்தது. பெரியாத்தா முந்தானையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். சின்னாத்தா ஒரு வாரப் பத்திரிகையை முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டாள். பெரியப்பச்சி எழுந்தார். தரையைப் பார்த்து, காலைத் தூக்கி வைத்து, உள்ளறைக்குள் போனார்.

டப்.

ஓடினேன். வாசலில் போய் நின்றேன். கூப்பிட வேண்டும். குரல் வரவில்லை. ஒரு முழு வாக்கியம் அவரிடம் நான் பேசியதே இல்லை. அவர் ஒன்றை முழுசாக முடித்துவிட்டு இரண்டாவதை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு விரலை உதட்டில் வைத்தார். அந்த விரலில் மாவு ஒட்டியிருந்தது.

"பெ..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. பக்கத்தில் இருந்த பித்தளைக் குடத்தைக் காலால் உதைத்தேன். அது படிகளில் உருண்டு வீட்டையே எழுப்பியது.

பெரியாத்தா ஓடி வந்தார். திறந்த டின், அதன் முன்னால் கன்னம் உப்பிய புருஷன், வாசலில் நான். அவருக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனால் புரிந்தது வேறு.

"பிடிச்சிட்டீகளா! நான் நெனச்சேன், இவளாத்தான் இருக்கும்னு நெனச்சேன்!"

பெரியப்பச்சி வாயில் உருண்டையோடு என்னைப் பார்த்தார். பெரியாத்தாவைப் பார்த்தார். பிறகு ஆமாம் என்று தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே விழுங்கினார்.

"நல்லவேளை, இவ திங்கிறதுக்குள்ள பிடிச்சீக. மேல அடுக்குனது பூராவும் எலி மருந்து!"

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். விழுங்கியது தொண்டையிலேயே நின்றுவிட்டதைப் போல ஒரு விரலால் தொண்டைக் குழியைத் தொட்டார். அப்போதாவது சொல்வார் என்று நினைத்தேன். கக்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வெயில். தலை சுத்துது" என்றார்.

"பாத்தியா, பெரியவுக மனசு பொறுக்கல. சின்னப் புள்ள திருடுறதைப் பாத்து மயக்கம் வந்திருச்சு" என்று பெரியாத்தா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அவருக்குச் சீனித் தண்ணீர் கரைக்கப் போனார். அதையும் அவர் வாங்கிக் குடித்தார்.

நான் ஆத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவள் உடனே கருத்தையாவைக் கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொன்னாள். அந்தப் பழைய கார் மூன்று பங்குக்கும் பொது. யார் பெட்ரோல் என்று தீர்மானமாகாமல் அது கொட்டகையை விட்டு வெளியே வந்ததில்லை. அன்று பெரியப்பச்சி முற்றத்தில் குனிந்து வாந்தி எடுக்கத் தொடங்கியிருந்தார். வாந்தியில் ஏலக்காய் வாசனையும் பூண்டு வாடையும் கலந்து வந்தன. பெட்ரோலைப் பற்றி யாரும் பேசவில்லை.

பெரியாத்தா முன்சீட்டில். பின்சீட்டில் பெரியப்பச்சியை நடுவில் வைத்து ஒரு பக்கம் ஆத்தா, மறுபக்கம் நான், என் மடியில் வாந்தி பிடிக்க எச்சில் போணி. காரைக்குடி போகும் வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையை அவர் இறுகக் கவ்விக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளைஞர். கட்டிலில் கிடத்தியதும், "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

"காலையில ரெண்டு இட்லி. மத்தியானம் ரசஞ்சோறு. சீனி தொடுறதே இல்ல டாக்டர். ரொம்பக் கட்டுப்பாடு. வெயில்ல அலைஞ்சாக" என்றார் பெரியாத்தா.

"வேற எதுவும்?"

"வேற என்ன சாப்பிடுவாக? நேத்து நாட்டரசன்கோட்டையில ஒரு கல்யாண வீட்டுல கை நனைச்சாக. அதுவா இருக்கும்."

பெரியப்பச்சி கண்ணை மூடியபடியே அதற்கும் மெல்லத் தலையாட்டினார். டாக்டர் நர்ஸிடம் என்னவோ ஊசியின் பெயரைச் சொன்னார். ஆத்தா என் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினாள்.

"சொல்லுடி."

"மாவுருண்டை" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. "மாவுருண்டை தின்னாக. எலி மருந்து வச்சது."

இந்த முறை கேட்டது. எனக்கே கேட்டது. வராந்தாவில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொய் சொல்றா டாக்டர்! திருடுனது இவ. மறைக்கிறதுக்குப் பழியைத் தூக்கி..."

டாக்டர் குனிந்து பெரியப்பச்சியின் வாயருகே மூக்கை வைத்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "பெரியவரே, சாப்பிட்டீங்களா?"

பெரியப்பச்சி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். சொல்லாட்டி பிழைக்க வைக்க முடியாது."

பெரியப்பச்சியின் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. வலது கை போர்வைக்கு வெளியே வந்தது. இரண்டு விரல்களைக் காட்டினார்.

எங்களை வெளியே தள்ளினார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். உள்ளே கேட்ட சத்தத்துக்குப் பெரியாத்தா தரையில் உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"எவ்வளவு நாளா?"

"கார்த்திகைக்கு முந்தியே" என்றேன்.

"தேன்குழல் டின்?"

"அதுவும்."

ஐயோ என்று அழவில்லை. மெதுவாக வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார். அவர் தவம் இருந்து பெற்ற புருஷன் டின் டின்னாகக் கரைந்துகொண்டிருந்தார்.

டாக்டர் வெளியே வந்தார். இரண்டு மூன்று நாள் ஆபத்துதான், இருதயத்தையோ ஈரலையோ தாக்கலாம், பார்ப்போம் என்றார். "எவ்வளவு மருந்து கலந்தீங்க?"

"கொஞ்சம்தான் டாக்டர். சாகுற அளவுக்கு வைக்கல. வாந்தி வர்ற அளவுக்குத்தான் வச்சேன்."

"எலிக்கு வாந்தியே வராதும்மா. யாருக்கு வாந்தி வர்றதுக்கு வச்சீங்க?"

சொல்ல நினைக்காமலேயே பெரியாத்தாவின் கண் ஒரு முறை ஆத்தாவின் பக்கம் போய், என் மேல் வந்து, கீழே விழுந்தது. டாக்டருக்கு அது புரியவில்லை. ஆத்தாவுக்குப் புரிந்தது. என் கையைப் பிடித்தவள், வலிக்கும் அளவுக்குப் பிடித்தாள். வீடு போகும் வரை விடவில்லை.

பெரியப்பச்சி பிழைத்துவிட்டார். ஒரு வாரம் கழித்து மெலிந்த முகத்தோடு காரிலிருந்து இறங்கினார். ஊருக்கு அது மாரடைப்பு. பார்க்க வந்தவர்கள் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு, அவருடைய கட்டுப்பாடான வாழ்க்கைதான் அவரைக் காப்பாற்றியது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் மறுக்கவில்லை. டின்னில் மிச்சமிருந்ததைப் பெரியாத்தா கருத்தையாவிடம் கொடுத்து, இந்த முறை பக்கத்தில் நின்று குழி தோண்ட வைத்துப் புதைத்தார். நான் திருடவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் நாலு பேர் முன்னால் குரலை உயர்த்திப் பேசினேன் என்பதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். இப்படிப் பேசுகிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று சின்னாத்தா கவலைப்பட்டாள். பெரியாத்தா ஒரு நாள் தட்டு நிறையத் தேன்குழல் அனுப்பினார். ஆத்தா நன்றி சொல்லி வாங்கி, தட்டில் வெல்லம் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, தேன்குழலை அடுப்பில் போட்டாள்.

எலிகள் ஒருபக்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

தை பிறந்ததும் சின்னாத்தா ரவா உருண்டை செய்தாள். நானும் உட்கார்ந்து பாதியைப் பிடித்தேன். மற்ற இரண்டு அடுப்புக்கும் தட்டுப் போயிற்று. மத்தியானம் நான் தாழ்வாரத்தில் இருந்தபோது பெரியப்பச்சி வந்து நின்றார். தூணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"இங்குட்டு வா."

போனேன். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீலா செஞ்சு அனுப்பியிருக்கிற ரவா உருண்டையில மருந்து இருக்கா?"

என்னைத்தான் கேட்டார். மூன்று அடுப்பிலும் வேறு யாரையும் அவர் நம்பத் தயாராக இல்லை. என் வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லுக்காக, கூட்டங்களில் நாக்கைப் பற்றிப் பேசுகிறவர், எச்சிலை விழுங்கிக்கொண்டு நின்றார்.

"இருக்கு பெரியப்பச்சி" என்றேன்.

"ஒங்காத்தா செஞ்ச அதிரசத்துல?"

"அதுலயும் இருக்கு."

"ஒனக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் பெருமூச்சு விட்டார். நல்ல பிள்ளை என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் படுக்கப் போனார். நான் அடுப்படிக்குப் போய்த் தட்டிலிருந்து ஒரு ரவா உருண்டையை எடுத்துத் தின்றேன். முந்திரி கொஞ்சம் கூடுதல்.